பழுப்பா, சிவப்பா? மின்கம்பியின் வண்ணத்தை எவ்வளவு நம்பலாம்?

உயர்நிலை மூன்று வகுப்பில் வீட்டு மின்சாரம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. வெண்பலகையில் மூன்று முள் பிளக்கின் படத்தை வரைந்து, "பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் எர்த்" என்று எழுதினேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் மட்டும் கையை உயர்த்தினார்.

"சார், தோ பாயோவில் பாட்டி வீட்டில் பழைய சாக்கெட்டை மாற்ற அப்பா மூடியைக் கழற்றினார். உள்ளே பழுப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. பாடநூல் தவறா, பாட்டி வீடு தவறா?"

இரண்டும் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கம்பியில் கைவைப்பதுதான் பெரிய தவறு. நல்லவேளையாக அவருடைய அப்பா மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு மின் பணியாளரை அழைத்திருக்கிறார். அந்த மாணவருக்கு வகுப்பில் நான் சொன்ன விடையைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று கம்பிகள், மூன்று வேலைகள்

நம் வீட்டுச் சாக்கெட்டுக்கு மூன்று கம்பிகள் வருகின்றன. லைவ் கம்பி மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பி மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. எர்த் எனப்படும் புவிக் கம்பியில் வழக்கமாக மின்னோட்டமே இருக்காது; ஏதாவது பழுது நேரும்போதுதான் அதற்கு வேலை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: "நம் வீட்டில் இருப்பது மாறுதிசை மின்னோட்டம். ஒரு விநாடிக்கு 50 சுற்றுகள். திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு கம்பி 'கொண்டுவரும்' கம்பி, மற்றொன்று 'திரும்பும்' கம்பி என்று எப்படிப் பிரிக்க முடியும்?"

நல்ல கேள்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மின்னோட்டத்தின் திசையில் இல்லை, மின்னழுத்தத்தில் இருக்கிறது. துணை மின்நிலையத்தில் இருக்கும் மின்மாற்றியில் நடுநிலைக் கம்பியைப் பூமியோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் அந்தக் கம்பியின் மின்னழுத்தம் பூமியை ஒட்டியே, அதாவது ஏறத்தாழ சுழியத்திலேயே நிற்கும். லைவ் கம்பியோ பூமியோடு ஒப்பிடும்போது நேர்மறையில் 325 வோல்ட்டு வரை ஏறி, எதிர்மறையில் 325 வோல்ட்டு வரை இறங்கி ஊசலாடுகிறது. நாம் சொல்லும் 230 வோல்ட்டு என்பது இந்த ஊசலாட்டத்தின் பயனுறு மதிப்பு. 230ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள், 325 கிடைக்கும்.

நீங்கள் நிற்பதும் பூமியோடு தொடர்புள்ள தரையில்தான். ஆகவே லைவ் கம்பியைத் தொட்டால் உங்கள் உடலின் ஒரு முனையில் 230 வோல்ட்டு, மறுமுனையில் சுழியம். ஈரக்கையோடு தொடும்போது உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்க இது போதும்.

இடம் மாறினாலும் விளக்கு எரியும்

இப்போது ஒரு சோதனையை மனத்தில் மட்டும் செய்து பார்ப்போம். யாரோ ஒருவர் விளக்குக்குச் செல்லும் லைவ் கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் இடம் மாற்றி இணைத்துவிட்டார். என்ன நடக்கும்?

விளக்கு எரியும். வழக்கம்போலவே எரியும். சுவிட்சை அணைத்தால் அணையும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

ஆனால் சுவிட்சு இப்போது நடுநிலைக் கம்பியில் இருக்கிறது. அதை அணைக்கும்போது திரும்பும் வழி மட்டுமே துண்டிக்கப்படுகிறது. விளக்கு அணைந்திருந்தாலும் விளக்கு மாட்டும் இடம்வரை 230 வோல்ட்டு வந்து காத்துக்கொண்டிருக்கும். "சுவிட்சை அணைத்துவிட்டேனே" என்ற நம்பிக்கையில் ஏணியில் ஏறி விளக்கை மாற்றுபவரின் விரல் உள்ளே பட்டால் போதும். இதனால்தான் சுவிட்சும் ஃபியூஸும் எப்போதும் லைவ் கம்பியிலேயே இருக்க வேண்டும் என்று நீங்கள் தேர்வில் எழுதுகிறீர்கள்.

லைவ் கம்பியும் புவிக் கம்பியும் இடம் மாறினால் நிலைமை இன்னும் மோசம். புவிக் கம்பி கெண்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதில் லைவ் வந்துவிட்டால் சாதனத்தின் உடல் முழுவதும் 230 வோல்ட்டு.

கம்பிகளின் உள்ளே இருப்பது ஒரே செம்பு. வெட்டிப் பார்த்தாலும் எது லைவ் என்று செம்பு சொல்லாது. தவறாக இணைத்தாலும் விளக்கு புகார் சொல்லாது. அதனால்தான் மேலுறைக்கு வண்ணம் கொடுத்தார்கள். இந்தக் கம்பியை இணைத்தவர், பல ஆண்டுகள் கழித்து அதைத் திறக்கப்போகும் முகம் தெரியாத இன்னொருவருக்கு விட்டுச்செல்லும் செய்திதான் வண்ணம்.

ஒரே வண்ணம், வெவ்வேறு பொருள்

செய்தி என்றால் இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பிரிட்டனில் முன்பு சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஜெர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரை கறுப்பு லைவ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு எர்த்! அமெரிக்காவில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். ஜெர்மனியில் தயாரான பழைய சலவைப் பெட்டி ஒன்றை பிரிட்டனில் ஒருவர் வாங்கி, தம் நாட்டு வழக்கப்படி சிவப்புக் கம்பியை லைவ் முள்ளில் இணைத்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் கவனக்குறைவாக வேலை செய்யவில்லை. தமக்குத் தெரிந்த மொழியில் சரியாகத்தான் படித்தார். ஆனாலும் சலவைப் பெட்டியின் உலோகப் பகுதி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

இன்னொரு சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பையும் பச்சையையும் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. பழைய பிரிட்டிஷ் முறையில் ஆபத்தான லைவ் கம்பி சிவப்பு, பாதுகாப்பான புவிக் கம்பி பச்சை. எந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளக் கூடாதோ, அந்த இரண்டுக்கும் குழப்பிக்கொள்ள எளிதான இரண்டு வண்ணங்கள்!

எனவே சாதனங்களின் வடங்களுக்குப் பல நாடுகள் கூடி ஒரு பொது மொழியை அமைத்தன. பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். பிரிட்டன் 1970ஆம் ஆண்டையொட்டி இந்த முறைக்கு வந்தது. புவிக் கம்பிக்கு மட்டும் இரண்டு வண்ணங்கள் ஏன் என்று இப்போது புரிகிறதா? வண்ணம் தெரியாதவருக்கும் கோடு தெரியும். மங்கலான வெளிச்சத்திலும் கோடு தெரியும். இதற்கு ஒரு நுணுக்கமான விதியும் உண்டு. அந்தக் கம்பியில் எந்த 15 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்துப் பார்த்தாலும், இரண்டு வண்ணங்களில் ஒன்று மேற்பரப்பில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 70 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மீதி மற்ற வண்ணம். ஒரு சிறு துண்டு மட்டும் வெளியே தெரிந்தாலும் அதில் இரண்டு வண்ணங்களும் கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம்.

சுவருக்குள் வேறு மொழி

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்னது சாதனத்தோடு வரும் வளையும் வடத்துக்கு. சுவருக்குள் செல்லும் நிலையான கம்பிகளுக்குப் பழைய வண்ணங்களே நெடுங்காலம் தொடர்ந்தன. பிரிட்டனில் அவை 2004இல் மாறத் தொடங்கின. 2006 ஏப்ரல் முதல் புதிய வண்ணங்கள் கட்டாயமாயின. ஹாங்காங்கில் 2007 ஜூலையில் தொடங்கி, 2009 ஜூலையில் கட்டாயமாயிற்று. சிங்கப்பூரில் மாற்றம் வந்தது 2009இல்.

அதற்கு முன்பு பல ஆண்டுகள் நம் வீடுகளில் ஒரு வேடிக்கை இருந்தது. பிளக்கில் பழுப்பும் நீலமும். அதே பிளக்கைச் செருகும் சாக்கெட்டின் பின்னால் சிவப்பும் கறுப்பும். பாட்டி வீட்டில் அந்த மாணவர் பார்த்தது இதைத்தான். பாடநூல் பேசுவது புதிய மொழி. பாட்டி வீட்டுச் சுவர் பேசுவது பழைய மொழி.

வீட்டுக்குள் ஒரு கட்ட மின்சாரம்தான் வருகிறது. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வருவது மூன்று கட்ட மின்சாரம். அதாவது மூன்று லைவ் கம்பிகள், ஒரு நடுநிலைக் கம்பி. பெரிய தரைவீடுகள், கடைகள், பட்டறைகள், பள்ளிகள் ஆகியவற்றிலும் மூன்று கட்டங்கள் இருப்பதுண்டு. அவற்றின் வண்ணங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்:

முதல் கட்டம்: முன்பு சிவப்பு, இப்போது பழுப்பு.
இரண்டாம் கட்டம்: முன்பு மஞ்சள், இப்போது கறுப்பு.
மூன்றாம் கட்டம்: முன்பு நீலம், இப்போது சாம்பல்.
நடுநிலை: முன்பு கறுப்பு, இப்போது நீலம்.
புவி: முன்பும் இப்போதும் பச்சை மஞ்சள் கோடு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். ஏதாவது உறுத்துகிறதா?

கறுப்பு முன்பு நடுநிலை, இப்போது லைவ். நீலம் முன்பு லைவ், இப்போது நடுநிலை. இரண்டு வண்ணங்களும் தங்கள் பொருளை மாற்றிக்கொண்டுவிட்டன. புதிய வண்ணம் ஒன்று வந்தால் பார்ப்பவர் சற்றுத் தயங்குவார், யாரையாவது கேட்பார். பழகிய வண்ணம் புதிய பொருளில் வந்தால் யாரும் தயங்குவதில்லை. ஆபத்து அந்தத் தயங்காமையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பழைய மூன்று கட்ட அமைப்புள்ள ஒரு கடை. புதிய வண்ணங்களை மட்டுமே கற்ற ஒருவர் அங்கே தண்ணீர்க் கொதிகலன் ஒன்றை இணைக்கிறார். சிவப்பைப் பார்க்கிறார், "பழுப்புக்குப் பழைய வண்ணம், லைவ்" என்று சரியாகவே முடிவு செய்கிறார். நீலத்தைப் பார்க்கிறார், "நீலம் நடுநிலை" என்று பழக்கத்தில் இணைத்துவிடுகிறார். உண்மையில் அந்த நீலம் மூன்றாம் கட்ட லைவ்.

ஒரு கட்டத்துக்கும் நடுநிலைக்கும் இடையே 230 வோல்ட்டு. இரண்டு கட்டங்களுக்கு இடையே 230ஐ 3இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 400 வோல்ட்டு. கொதிகலனின் திறன் 230 வோல்ட்டில் 2,000 வாட்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை மாறாது என்றால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 400ஐ 230ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 3. ஆக, 2,000 வாட்டு கொதிகலன் 6,000 வாட்டில் சூடாகும். முதலில் கொதிகலன் எரியும். பிறகு பக்கத்தில் இருப்பதும் எரியலாம்.

ஒரு வண்ணத்தைத் தவறாகப் படித்ததன் விலை இது.

தொழில் தெரிந்தவர் என்ன செய்கிறார்?

வண்ணம் பொய் சொல்லக்கூடும் என்பது மின் பணியாளர்களுக்குத் தெரியும். மொழி மாறியிருக்கலாம், முன்பு வேலை செய்தவர் தவறியிருக்கலாம், கையில் சிவப்புக் கம்பி தீர்ந்துபோய் வேறு வண்ணத்தைப் போட்டிருக்கலாம், பல ஆண்டு வெப்பத்தில் வண்ணமே மங்கியிருக்கலாம். ஆகவே வண்ணத்தைப் பார்த்து "இது லைவாக இருக்க வேண்டும்" என்று ஊகிப்பார்கள். அளந்து பார்த்த பிறகே "இது லைவ்" என்று சொல்வார்கள்.

அளப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் முதன்மை மின்சாரத்தை நிறுத்தி, வேறு யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி பூட்டுவார்கள். அடுத்து, சோதனைக் கருவியை மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் வைத்து, கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வேலை செய்யப்போகும் கம்பிகளில் சோதிப்பார்கள். கடைசியாகக் கருவியை மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஏன் இரண்டு முறை? கருவி நடுவில் பழுதாகியிருந்தால், மின்சாரம் இருந்தும் "இல்லை" என்றே காட்டும். "மின்சாரம் இல்லை" என்ற செய்தியைச் சொல்வது நல்ல கருவியா, செத்த கருவியா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆய்வகத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்றை ஏன் வைக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லித் தருவதும் இதே காரணத்தால்தான்.

பழைய கம்பியும் புதிய கம்பியும் சந்திக்கும் இடத்தில் முனைகளில் வண்ண உறையோ எழுத்துக் குறியோ மாட்டுவது நல்ல வழக்கம். ஹாங்காங்கில், ஒரே கட்டடத்தில் இரண்டு வண்ண முறைகளும் இருந்தால் மின்பெட்டியில் எச்சரிக்கை அட்டை ஒட்ட வேண்டும். முகம் தெரியாத அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் இன்னொரு செய்தி அது.

கடைசிக் காவல்

இத்தனைக்கும் பிறகு தவறு நேர்ந்தால்? அதற்குத்தான் வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி என்ற கருவி இருக்கிறது. லைவ் கம்பியில் செல்லும் மின்னோட்டத்தையும் நடுநிலைக் கம்பியில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் பேசாமல் இருக்கும். ஒரு பகுதி யாருடைய உடல் வழியாகவோ பூமிக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். வீடுகளில் பயன்படும் கருவி, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நாம் முன்பு கணக்கிட்ட 0.23 ஆம்பியர் என்பது 230 மில்லி ஆம்பியர் என்பதை நினைவில் வையுங்கள்.

சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் இது இருக்க வேண்டும். அதற்கு முந்திய வீடுகளிலும் இருக்க வேண்டும் என்ற விதியை எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பொருத்துவதற்கு ஈராண்டு அவகாசம் தந்தது.

ஆனால் இந்தக் காவலருக்கும் எல்லை உண்டு. ஒரு கையில் லைவ் கம்பியையும் மறுகையில் நடுநிலைக் கம்பியையும் பிடித்தால், உங்கள் வழியாகச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் ஒழுங்காகத் திரும்பிவிடுகிறது. கருவியின் கண்ணுக்கு நீங்கள் ஒரு விளக்கு போலத்தான் தெரிவீர்கள். அது மின்சாரத்தைத் துண்டிக்காது.

அந்த மாணவருக்கு விடை

பாடநூலும் சரி, பாட்டி வீடும் சரி. இரண்டும் வெவ்வேறு காலத்து ஒப்பந்தங்கள். வண்ணத்தில் மின்சாரம் இல்லை. மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே இருக்கிறது. உடன்பாடு மாறலாம், மறக்கப்படலாம், மீறப்படலாம். எனவே வண்ணத்தைப் படியுங்கள். ஆனால் அளந்து உறுதிசெய்யாத வண்ணத்தை உயிரை வைத்து நம்பாதீர்கள்.

அளந்து உறுதிசெய்வது உங்கள் வேலையும் இல்லை, உங்கள் பெற்றோரின் வேலையும் இல்லை. சுவருக்குள் இருக்கும் கம்பிகளில் வேலை செய்ய உரிமம் பெற்ற மின் பணியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய மூன்று வேலைகள் இதோ.

ஒன்று, ஒரு மூன்று முள் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். புவி முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருக்கும். அது முதலில் உள்ளே சென்று, லைவ், நடுநிலைத் துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கிறது. பாதுகாப்பு முதலில், மின்சாரம் பிறகு.

இரண்டு, வீட்டில் உள்ள பெரியவரோடு மின்பெட்டியின் முன் நின்று ஆர்சிசிபி எது என்று கண்டுபிடியுங்கள். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, பெரியவர் அதை அழுத்தட்டும். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மின் பணியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மூன்று, உங்கள் வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது, கடைசியாக எப்போது மின்கம்பிகள் மாற்றப்பட்டன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2009க்கு முன்பா, பின்பா? தாத்தா பாட்டி வீட்டையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது; ஆனால் இந்தப் பாடத்தில் நீங்கள் கேட்கக்கூடிய மிக முக்கியமான கேள்வி அதுதான்.